கடற்பணியில் வருமுன் காத்தல்

மும்பையின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள துறைமுகம் பல தலைமுறைகளாக உழைக்கும் மக்களுக்கு வாழ்வளித்து வருகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் குடியேறிய தமிழர்களுள் துறைமுகத்திலும் கப்பலிலும் பணியாற்றியோர் உண்டு. கடற்பணி பெருமைக்குரியது, இடர் நிறைந்ததும் ஆகும். அவ்விடரை முன்னரே அறிந்து தடுக்காவிடில் என்ன நேரும் என்பதை இத்துறைமுகத்தின் வரலாறே காட்டுகிறது.

விக்டோரியா கப்பல்துறையில் நிகழ்ந்தது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 ஏப்ரல் 12 ஆம் நாள் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்னும் சரக்குக் கப்பல் மும்பையை வந்தடைந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும், மரம், எண்ணெய், கந்தகம் முதலியனவும் இருந்தன. எளிதில் தீப்பற்றும் பருத்தியும் வெடிமருந்தும் ஒரே சரக்கறையில் அடுக்கப்பட்டிருந்தன. இடர்ப்பொருள் உள்ளதை உணர்த்தும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. இரண்டு நாள்கள் கழிந்தும் வெடிபொருள்கள் முழுமையாக இறக்கப்படவில்லை.

ஏப்ரல் 14 ஆம் நாள் பிற்பகலில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் 900 டன்னுக்கும் மேற்பட்ட நீரைப் பாய்ச்சினர். அடர்ந்த புகையால் தீயின் மூலத்தைக் காண இயலவில்லை. கப்பலைக் கடலுக்குள் கொண்டு செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படவில்லை. மாலை 3.50 மணிக்குக் கப்பலை விட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. 4.06 மணிக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. அரைமணி நேரத்திற்குள் மற்றுமொரு வெடிப்பு நிகழ்ந்தது. நெடுந்தொலைவில் உள்ள சிம்லாவின் நிலநடுக்கக் கருவியிலும் அதன் அதிர்வு பதிவாயிற்று. 800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் 66 பேர் தீயை அணைக்கச் சென்ற வீரர்கள். அவர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

அப்பேரிடர் ஒரே தவற்றினால் விளைந்ததன்று. சேரக் கூடாத சரக்குகளைச் சேர்த்தது, எச்சரிக்கைக் குறியைக் காட்டாதது, இறக்குவதில் தாமதித்தது, முடிவெடுக்கத் தயங்கியது எனச் சிறுசிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைத் திருத்தியிருந்தாலும் பல உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும்.

கப்பலில் காத்திருக்கும் இடர்கள்

பெரும் வெடிப்பு அரிதாகவே நிகழும். ஆயினும் கப்பற்பணியாளர் அன்றாடம் வேறு பல இடர்களை எதிர்கொள்கின்றனர்.

மூடிய அறை: நெடுநாள் மூடியிருக்கும் தொட்டியின் இரும்புச் சுவர் துருப்பிடிக்கும்போது அங்குள்ள உயிர்வளியை ஈர்த்துக் கொள்கிறது. நிலக்கரி, மரம் போன்ற சரக்குகளும் அவ்வாறே செய்யும். அக்குறைவைக் கண்ணால் காணவோ மூக்கால் உணரவோ இயலாது. உள்ளே சென்றவர் மயங்கி விழுவார். அவரை மீட்கப் பதறி இறங்குபவரும் வீழ்வார். ஆகவே, காற்றோட்டம் அளித்து, கருவியால் காற்றைச் சோதித்து, எழுத்து வடிவில் அனுமதி பெற்ற பின்னரே நுழைதல் வேண்டும். வாயிலில் ஒருவர் காவலிருத்தல் வேண்டும்.

இழுவிசையுள்ள வடம்: கப்பலைக் கரையோடு பிணிக்கும் வடம் அறுந்தால் சவுக்கைப் போலச் சீறித் திரும்பும். அது தாக்கினால் உடலுறுப்போ உயிரோ போகும். வடம் பாயக்கூடிய பகுதியில் எவரும் நிற்கலாகாது.

வழுக்கலும் வீழ்ச்சியும்: எண்ணெய் சிந்திய தளமும் திறந்து கிடக்கும் சரக்கறை வாயிலும் ஆபத்தானவை. சிந்தியதை உடனே துடைத்தலும், வாயிலைச் சுற்றித் தடுப்பு அமைத்தலும், உயரத்தில் பணிபுரிவோர் பாதுகாப்புக் கச்சை அணிதலும் இன்றியமையாதவை.

களைப்பு: உறக்கமின்மை கவனத்தைக் குலைக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015 இல் ஏற்றது. அதன்படி ஓய்வு நேரம் 24 மணி நேரத்திற்குள் 10 மணிக்கும், 7 நாள்களுக்குள் 77 மணிக்கும் குறைதல் கூடாது.

தலைக்கவசமும் கையுறையும் உடலைக் காக்கும் கடைசி அரண் மட்டுமே. இடரை அகற்றுதலே முதற்கடமை. பிழையைக் கண்டவர் பதவியில் இளையவராயினும் அஞ்சாமல் எடுத்துரைக்க வேண்டும். மூத்தவர் சினம் கொள்ளாமல் கேட்க வேண்டும். அத்தகைய கப்பலில் பணிபுரிவோரே நலமுடன் இல்லம் திரும்புவர்.

சொற்பொருள்

இடர் – துன்பம், ஆபத்து
வடம் – பருத்த கயிறு
உயிர்வளி – உயிர் வாழத் தேவையான காற்று
அரண் – பாதுகாப்பு

பயிற்சி

1. 1944 பேரிடருக்குக் காரணமான பிழைகள் யாவை?
2. மூடிய தொட்டியில் உயிர்வளி குறைவது ஏன்?
3. மயங்கி விழுந்தவரைக் காக்க உடனே உள்ளே இறங்குவது சரியா? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: சரக்கறை, காற்றோட்டம், இழுவிசையுள்ள.
5. உமது வீட்டிலோ பள்ளியிலோ விபத்து நேரக்கூடிய மூன்று இடங்களைக் கண்டறிந்து, அதனைத் தடுக்கும் வழிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.