பழைய கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நாள் பொறுங்க!

செல்போனில் போட்டோ பார்த்தாச்சு. பன்னிரண்டு வருஷத்துப் பழைய கார்தான், ஆனால் பளபளன்னு இருக்கு. விலையும் கைக்கு அடக்கம். "சாயங்காலம் இன்னொருத்தர் வர்றார், இப்பவே பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டுடுங்க" என்கிறார் விற்பவர். பல குடும்பங்களின் சேமிப்பு கரையத் தொடங்குவது இந்த அவசரத்தில்தான்.

விற்பவர் சொல்லும் தொகையோடு, வாங்கியதும் செய்ய வேண்டிய ரிப்பேர் செலவையும் கூட்டினால் வருவதுதான் பழைய காரின் உண்மையான விலை. அந்தக் கணக்கை அட்வான்ஸுக்கு முன்பே போட்டுப் பார்ப்போம், வாங்க.

முதல் சோதனை உங்கள் செல்போனில்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். பதிவு செய்த தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை எதுவரை செல்லும் என்று தெரியும். இ-செலான் இணையதளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து அசல் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் வங்கியின் பெயர் இருந்தால் வண்டி மேல் கடன் இருந்திருக்கிறது என்று அர்த்தம். கடன் முடிந்ததற்கான வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 14 வருஷ வண்டி மலிவாகக் கிடைத்தால், அடுத்த வருஷச் செலவு உங்கள் தலையில் என்பதை மறக்காதீங்க. புதுச்சேரி போன்ற வெளி மாநிலப் பதிவு என்றால், அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது சோதனை காலை வெளிச்சத்தில்

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையில் போங்கள். "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். பானட்டைத் தொட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

• ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வண்டியில் பொறித்த எண்களோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லையா? பேச்சே வேண்டாம், திரும்பி வந்துடுங்க.

• என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காபி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் பெரிய செலவு.

• ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

• டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான டயர் வெடிக்கலாம்.

• சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவிலும் பானட்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி டிங்கரிங் செய்திருக்கலாம்.

• ஓட்டிப் பார்க்கும்போது ஆடியோவை அணைத்துவிடுங்கள். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்பீடு பிரேக்கரில் தடதடக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவி, சீட் கவர் மாற்றிவிட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு, தரை விரிப்புக்கு அடியில் ஈர வாடை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் மாதக்கணக்கில் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும்.

பட்டியல் போட்டபின் பேரம்

மெக்கானிக் சொல்லும் வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங் ஆகியவை உயிர் சம்பந்தப்பட்டவை. வண்டியை எடுத்த அன்றே செய்ய வேண்டும். ஆயில், கூலன்ட், ஃபில்டர், டைமிங் பெல்ட் உள்ள மாடலாக இருந்தால் அந்த பெல்ட் ஆகியவை முதல் மாதச் செலவு. கீறல், பெயின்ட், ஆடியோ எல்லாம் பிறகு பார்த்துக்கலாம். முதல் இரண்டின் மொத்தத் தொகையைக் காட்டி விலை பேசுங்கள். குறைக்க மறுத்தால் வேறு வண்டி கிடைக்காமலா போகும்?

பெயர் மாறினால்தான் வண்டி உங்களுடையது

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனை என்றால், விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் நோ-க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

காரை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைமாறிய கார் விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பு, ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாவியைக் கொடுத்தாச்சு என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஒரு நாள் பொறுத்ததால் ஒரு நல்ல கார் கைநழுவிப் போகலாம். பரவாயில்லை. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் நாளில் நடுவழியில் நிற்காத கார்தானே நமக்கு வேணும்?