பத்திரத்துக்கு முன் மாடிப்படி ஏறுங்கள்

கேள்வி: ஐயா, திருச்சி உறையூரில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள பழைய வீட்டை 58 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். குடிபோக அல்ல, வாடகைக்கு விடவே வாங்குகிறோம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் வீட்டு ஓனராக இருந்ததில்லை. இரண்டு போர்ஷனிலும் ஆள் இருக்கிறார்கள். வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டு வில்லங்கம் எதுவும் இல்லை என்றார். வரும் 17-ஆம் தேதி பதிவு. அதற்குள் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: குடியிருப்பவர்களிடம் பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 17-ஆம் தேதிக்குள் நீங்கள் முடிக்க வேண்டிய பெரிய வேலை அதுதான்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். நம் ஊரில் போகியத்தை எத்தனை பேர் பதிகிறார்கள்? முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், பதிவு முடிந்த மறுவாரம் இனிப்புப் பெட்டியோடு முதல் வாடகை வாங்கப் போனார். மாடியில் இருந்த அம்மா உள்ளே போய், ஜவுளிக்கடைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துவந்து காட்டினார். மூன்று வருடப் போகியம், 6 லட்சம் ரூபாய், மாத வாடகை கிடையாது. “பணத்தைக் குடுங்க தம்பி, இன்னைக்கே காலி பண்றேன்” என்றார். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. விற்றவரோ போனை எடுக்கவே இல்லை.

ஒரு வீட்டில் குடியிருப்பவருக்கு அதில் என்ன உரிமை உண்டோ, அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘என்னிடம் யாரும் சொல்லவில்லை’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. பதிவாகாத போகியம் செல்லாது என்று வழக்காடலாம்தான். வழக்கு முடியும்வரை வாடகை வராது, வங்கிக் கடன் வாங்கியிருந்தால் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே விற்பவரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து பேசுங்கள். வாடகை எவ்வளவு, எந்த மாதம்வரை கொடுத்தாயிற்று, அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, போகியமோ கைமாற்றோ உண்டா – எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, விற்பவரும் குடியிருப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். தயங்குகிறவர் இருந்தால் பதிவைத் தள்ளிப்போடுங்கள், முகூர்த்த நாளாக இருந்தாலும் சரி. போன கையோடு குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கேயே வாழ்கிறவர்களைக் கேட்டால் வீட்டின் குறையெல்லாம் தெரிந்துவிடும்.

குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸை நாளைக்குத் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். அதனால் அந்தத் தொகை பதிவன்றே உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். மீதிப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள். தனிக் காசோலையாக வாங்குவதே நல்லது என்பேன். பத்திரத்தில் உள்ள கிரயத் தொகையும் வங்கிக் கணக்கும் அப்போதுதான் ஒத்துப்போகும். 17-ஆம் தேதிக்குப் பிறகான நாட்களின் வாடகையையும் அன்றே பேசித் தீர்த்துவிடுங்கள். பழைய பாக்கி விற்பவருடையது, உங்களுக்கு அதில் உரிமை இல்லை.

பணக் கணக்குக்கு வருவோம். பழைய வீடு என்பதால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 58 லட்சத்துக்கு 5,22,000 ரூபாய் ஆகும். அரசு வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகம் என்றால் அதன்மேல்தான் கணக்கு. வீட்டுக் கடனில் இந்தச் செலவைச் சேர்க்க மாட்டார்கள், கையில் வைத்திருங்கள். கிரயம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதத்தை, அதாவது 58,000 ரூபாயை, விற்பவருக்குத் தராமல் பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். கொடுத்த 5 லட்சத்தில் பிடிக்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆடிட்டரைப் பாருங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே வேறு.

வக்கீல் பார்த்தது என்றைக்கு எடுத்த வில்லங்கச் சான்று? 17-ஆம் தேதி காலையில் பதிவுத்துறை இணையதளத்தில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், இடையில் எதுவும் ஏறியிருக்கக் கூடாது. சாட்சிகள் இருவரும் அடையாள அட்டையோடு வரட்டும். மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் அட்டை எல்லாம் அசலாகக் கைக்கு வந்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் அசலை வங்கி வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள்.

பதிவு முடிந்த அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள். இனி வாடகையை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று நீங்களும் விற்றவரும் கையெழுத்திட்ட கடிதத்தை இரண்டு வீட்டிலும் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். வீடு கைமாறியது தெரியாமல் பழைய ஓனருக்கே வாடகை கொடுத்துவிட்டால், அதை அவர்களிடம் நீங்கள் மறுபடி கேட்க முடியாது. வாசலில் மீட்டர் இரண்டையும் அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.