நேர்முகத் தேர்வுக்கு முன் நாம் நடத்த வேண்டிய தேர்வு

ஓட்டல் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றதும் நம் மாணவர்கள் முதலில் தேடுவது தேய்த்த வெள்ளைச் சட்டையை. அடுத்து, நண்பனிடம் இரவல் வாங்கக்கூடிய கறுப்புக் காலணியை. நம்மைத் தேர்ந்தெடுக்க அமர்ந்திருப்பவர் யார், அவருக்கு மேலே உள்ள முதலாளி யார் என்று தேடுவோர் மிகச் சிலரே.

என் ஊர் நல்லவாடு. கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று விடுதிகளில் அறை ஒழுங்கு செய்யவும், உணவு பரிமாறவும், வரவேற்பு மேசையில் நிற்கவும் செல்கின்றனர். காற்றும் நீரோட்டமும் பார்க்காமல் எங்களூரில் எவரும் படகைத் தள்ளுவதில்லை. கரையில் வேலைக்குப் போகும்போது மட்டும் அந்த வழக்கத்தை ஏன் விட்டுவிடுகிறோம் என்பதே என் கேள்வி.

முதலில் அறிய வேண்டியது, பலகையில் உள்ள பெயர் யாருடையது என்பது. மாமல்லபுரத்து ரேடிசன் புளூ டெம்பிள் பே விடுதியை எடுத்துக்கொள்வோம். ரேடிசன் என்பது உலகெங்கும் வழங்கும் பெயர். விடுதியோ நகைக்கடையால் நாம் நன்கறிந்த ஜி.ஆர்.டி. குழுமத்தினுடையது. நம் புதுச்சேரியில் உள்ள 'அக்கார்டு' வேறு, 1967-இல் பிரான்சில் தோன்றிய 'அக்கோர்' வேறு. பின்னதன் வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டு முன்னதன் வாசலில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன்.

இது வேடிக்கையோடு முடியும் செய்தியன்று. என் உறவினர் ஒருவர் பெரிய விடுதி ஒன்றில் சேர்ந்தார். சீருடையில் விடுதியின் பெயர். சம்பளச் சீட்டிலோ ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் பெயர். ஓராண்டு கழித்து வருங்கால வைப்பு நிதி பற்றிக் கேட்டபோது, விடுதி ஒப்பந்தக்காரரைக் கைகாட்டியது. ஒப்பந்தக்காரர் தொலைபேசியையே எடுக்கவில்லை. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் அந்த நிதி கட்டாயம்; ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கும் விடுதியின் பொறுப்பு உண்டு. சேரும் முன்பே இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

உரிமையாளரை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அந்த விடுதியில் ஒரு தேநீர் அருந்துங்கள். விலை கூடுதல்தான், கல்விச் செலவாகக் கருதுக! ரசீதில் பதினைந்து எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 34 என்றால் புதுச்சேரிப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு. ஆறாவது இடத்தில் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கம்பெனி, 'எப்' இருந்தால் கூட்டு வணிகம், 'பி' இருந்தால் தனியாள். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டால் சட்டப்படியான பெயர் வந்துவிடும்.

பங்குச் சந்தையில் உள்ள பெரிய குழுமம் என்றால் ஆண்டறிக்கையைப் படிக்கலாம். தாஜ் விடுதிகளை நடத்தும் இந்தியன் ஓட்டல்ஸ், 1975-இல் சென்னைச் சோழா ஓட்டலில் தொடங்கி 2025 ஜனவரியில் தனிக் கம்பெனியாகப் பிரிந்த ஐ.டி.சி. ஓட்டல்ஸ் போன்றவை இவ்வகை. படங்களைத் தள்ளிவிட்டு, நிரந்தர ஊழியர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை விழுக்காட்டினர் விலகுகின்றனர் என்ற பட்டியலைப் பாருங்கள். நூறு விளம்பரம் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லும்.

சிறிய விடுதிகளுக்கு ஆண்டறிக்கை ஏது? அங்கே எங்களூர் மீன் விற்கும் பெண்களே ஆண்டறிக்கை. "அந்த ஓட்டலா? வஞ்சிரம் வாங்கினா அன்னிக்கே காசு. இந்த ஓட்டல்காரன் மூணு மாசம் இழுப்பான் தம்பி" என்று என் பெரியம்மா ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மீனுக்குப் பணம் இழுப்பவன் சம்பளத்துக்கு மட்டும் நாள் பார்த்துக் கொடுப்பானா என்ன? பணி முடிந்து பின்வாசல் வழியே வெளிவரும் ஊழியர்களிடமும் கேட்கலாம். இரவுப் பணிக்குப் பின் தவளக்குப்பம் வரை எப்படிப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். கடைசிப் பேருந்து போய்விட்டால் பெண்களுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி.

இன்னொன்று. "சம்பளம் குறைவுதான், சர்வீஸ் சார்ஜில் ஈடாகிவிடும்" என்று தேர்வாளர் சொல்லக்கூடும். அதை ரசீதில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது; தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆகவே அந்தத் தொகையை விட்டுவிட்டு மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று பணிவோடு கேட்கலாம். நியமனக் கடிதம் யார் பெயரில் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.