பச்சைக் கறிக்கு மாறிய பூனைக்கு ஏன் வயிறு கெடுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை புஜ்ஜி, மூன்று வயது ஆண் பெர்ஷியன். எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கூட. குட்டியிலிருந்தே ட்ரை ஃபுட்தான். 'ட்ரை ஃபுட் விஷம், காட்டுப் பூனை சமைத்தா தின்கிறது, பச்சைக் கறிதான் இயற்கையான உணவு' என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழைய உணவை ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். கறிக்கடையில் கோழி நெஞ்சுக்கறி, ஈரல், கழுத்து வாங்கி, தோலோடு நறுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் ஆசையாகத் தின்றான். மூன்றாம் நாள் முதல் பேதி. கூழ் போல, சளி கலந்து போகிறது, நாற்றம் தாங்கவில்லை. இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். தின்ற கறி அப்படியே வந்தது. வயிறு ஆறட்டும் என்று பாலும் தயிர்சாதமும் கொடுத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. கேட்டால், 'இது டீடாக்ஸ், உடம்பில் இருக்கிற நச்சு வெளியேறுகிறது, தின்னாவிட்டால் பட்டினி போடுங்கள், பசித்தால் தானே தின்னும்' என்கிறார்கள். நேற்று காலையிலிருந்து அவன் எதையும் தொடவில்லை. பட்டினி போடலாமா? பச்சைக் கறி அவனுக்கு ஒத்துக்கொள்ள என்ன செய்யவேண்டும்? வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: பட்டினி போடவே போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி, 'நேற்று காலையிலிருந்து எதையும் தொடவில்லை' என்பதுதான். கடிதம் கைக்கு வந்த அன்றே, புஜ்ஜியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினோம். அதற்கான காரணம் பூனை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

ஆரோக்கியமான நாய் ஓரிரு நாள் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனையின் உடல் அப்படிப்பட்டதல்ல. சாப்பாடு நின்றதும் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. அத்தனை கொழுப்பையும் கையாள முடியாமல் கல்லீரலிலேயே அது படிந்துவிடும். அப்புறம் கல்லீரல் தன் வேலையைச் செய்யாது. குண்டான பூனைக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியே இதற்குப் போதும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரியும்போது நோய் நன்றாகவே முற்றியிருக்கும். குழாய் போட்டு வாரக்கணக்கில் உணவு செலுத்தித்தான் காப்பாற்றவேண்டும். வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

டீடாக்ஸ் என்ற பேச்சை நம்பாதீர்கள். உடலின் கழிவுகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. தேங்கிக் கிடந்த நச்சு ஒருநாள் பேதியாகக் கொட்டும் என்பதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை. சளி கலந்து போவது பெருங்குடல் எரிச்சலில் இருப்பதற்கு அடையாளம். அதைக் குணமாவதன் அறிகுறி என்று சொல்லிக் காத்திருக்க வைப்பதால்தான் பல பூனைகள் உடல் வற்றிப்போன நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்கின்றன.

வயிறு கெட்டது எதனால்?

புஜ்ஜியின் தட்டில் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதல் காரணம் வேகம். ட்ரை ஃபுட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாவுச்சத்து. தண்ணீர் பத்து சதவீதம்தான். பச்சைக் கறியில் மாவுச்சத்தே கிடையாது. முக்கால் பங்கு தண்ணீர், மிச்சம் புரதமும் கொழுப்பும். பழைய உணவுக்குப் பழகி மூன்று வருடம் குடலில் குடியிருந்த பாக்டீரியாக்களால் ஒரே இரவில் மாறிக்கொள்ள முடியாது. எந்த உணவிலிருந்து எதற்கு மாற்றினாலும் குறைந்தது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். ஒரு பிராண்டு ட்ரை ஃபுட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் இதே கணக்குதான்.

இரண்டாவது, கொழுப்பு. கோழித் தோலில் கொழுப்பு மிக அதிகம். பழக்கமில்லாத குடலுக்கு அது திடீரென்று வந்தால் பேதியாகும். மூன்றாவது, ஈரல். ருசியாக இருப்பதால் பூனை முதலில் அதைத்தான் பொறுக்கித் தின்னும். அளவு கூடினால் மலம் இளகும். அதோடு ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. மாதக்கணக்கில் ஈரலையே கொடுத்தால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, பூனை தலையைத் திருப்ப முடியாமல் அவதிப்படும். நான்காவது, குளிர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துண்டை மெல்லாமல் விழுங்கிவிட்டு, சற்று நேரத்தில் அப்படியே கக்குவது பூனைகளிடம் அடிக்கடி பார்க்கக்கூடியது.

பால் நீங்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்ததுதான். ஆனால் பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். தயிர்சாதமும் பூனைக்குப் பேதி மருந்து ஆகாது.

கடைசியாக, கிருமி. கடைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். நாம் கொதிக்க வைத்துத் தின்பதால் தப்பிக்கிறோம். 'பூனையின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும்' என்பது உண்மையில்லை. மலப் பரிசோதனை செய்யாமல் 'வெறும் உணவு மாற்றம்தான்' என்று முடிவுகட்டக் கூடாது. குடல் புழுவும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும்கூட இதே மாதிரிப் பேதியை உண்டாக்கும்.

பேதி நின்றாலும் தீராத பிரச்சினை

பேதி இல்லாமல் இருந்திருந்தால், நெஞ்சுக்கறியும் ஈரலும் கழுத்தும் ஒத்துக்கொண்டது என்று நீங்கள் நிம்மதியாகத் தொடர்ந்திருப்பீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. வயிறு கெட்டால் மூன்று நாளில் தெரிந்துவிடுகிறது. சத்துக் குறைபாடு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் வளரும்.

பூனை கறி தின்றே வாழவேண்டிய விலங்கு. வீடியோ சொன்னதில் அந்த மட்டும் சரி. ஆனால் காட்டில் அது தின்பது முழு எலி, முழுக் குருவி: எலும்பு, இதயம், மூளை, குடல் எல்லாம் சேர்த்து. கடையில் வாங்கும் கோழிச் சதை அதற்கு ஈடாகாது. 100 கிராம் நெஞ்சுக்கறியில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். பூனைக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்கவேண்டும். கிடைக்காதபோது உடல் தன் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வளரும் குட்டிக்கு வெறும் கறி மட்டும் கொடுத்தால், கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். எலும்பை அதிகமாகச் சேர்த்தாலோ மலம் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, உதிர்ந்து, மலச்சிக்கலில் போய் நிற்கும்.

டாரின் என்றொரு சத்து உண்டு. பூனையால் தன் தேவைக்குப் போதுமான அளவு அதைத் தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் பெறவேண்டும். அது குறைந்தால் விழித்திரை பழுதாகும் என்பது 1975-இல் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்குவதும் அதன் குறைபாட்டால்தான் என்று 1987-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகே பூனை உணவுகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது. பச்சைக் கறியை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி ஒன்றும் இங்கே கவனிக்க வேண்டியது. 1932 முதல் 1942 வரை அமெரிக்க மருத்துவர் ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர் பூனைகளுக்கு உணவிட்டுப் பார்த்தார். சமைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. டாரின் பூனைக்கு இன்றியமையாதது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சமைக்கும்போது அந்தச் சத்து தண்ணீரோடு கழன்று போகும் என்பது இன்று தெரியும். குறைந்த சத்தைச் சேர்த்துக் கொடுத்தால் சமைத்த உணவிலும் பூனை நன்றாக வாழும்; கோடிக்கணக்கான வீட்டுப் பூனைகள் வாழ்கின்றன.

மீன் பக்கம் போக நினைக்கிற வாசகர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தலை தொங்கி, மோவாய் நெஞ்சில் படும்படி பூனை உட்கார்ந்திருந்தால் அது அவசர நிலை. மீனை வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும்.

குழந்தை இருக்கிற வீடு

பச்சைக் கறி தின்னும் பூனை நோயில்லாமல் தெம்பாக இருந்துகொண்டே மலத்தில் சால்மொனெல்லாவைப் பரப்பக்கூடும். லிட்டர் பாக்ஸில் மிதித்த காலோடு அது நடக்கும் அதே தரையில்தான் உங்கள் குழந்தை தவழ்ந்து கையை வாயில் வைக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே பூனைக்கும் நாய்க்கும் சமைக்காத இறைச்சி வேண்டாம் என்று கொள்கை வகுத்ததற்குக் காரணம் மனிதருக்கும் வரும் இந்த ஆபத்தே.

இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை ஒன்று எச்5என்1 வைரஸால் இறந்தது. அது தின்ற உறைந்த பச்சை வான்கோழி உணவிலேயே அதே வைரஸ் இருந்தது. அதே மாதம் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே நோய்க்குப் பலியாயின. ஃப்ரீசரில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். மைனஸ் 20 டிகிரியில் சில நாள் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியாவும் வைரஸும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஓரிகானில் நடந்ததும் உறைந்த உணவால்தான்.

இனி என்ன செய்வது?

பச்சைக் கறியையும் பாலையும் இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவர் பார்த்த பிறகு, புஜ்ஜிக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட அதே பழைய உணவையே திரும்பக் கொடுங்கள். தொடவில்லை என்றால், தோல் நீக்கிய கோழிக்கறியை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, கையால் பிய்த்து, வெதுவெதுப்பாக ஒரு தேக்கரண்டி வையுங்கள். சூட்டில் மணம் எழும். பசி மங்கிய பூனையை அதுதான் இழுக்கும். நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இது ஓரிரு நாளுக்கு மட்டும். வெங்காயமும் பூண்டும் அருகிலேயே வரக்கூடாது; பூனையின் சிவப்பணுக்களை அவை உடைத்துவிடும். வீட்டிலிருக்கும் பேதி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொல்லும்.

உடலில் நீர் குறைகிறதா என்று நீங்களே பார்க்கலாம். மேலுதட்டைத் தூக்குங்கள். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பவேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, அவன் மூலையில் சுருண்டு கிடந்தாலோ, அந்த நிமிடமே கிளம்புங்கள். பெர்ஷியன் என்பதால் வாலடி முடியையும் கவனியுங்கள். பேதி ஒட்டிக் காய்ந்தால் அடியில் தோல் புண்ணாகும், ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகத் துவட்டிவிடுங்கள். முடியை வெட்ட வேண்டியிருந்தால் கிளினிக்கில் ட்ரிம்மரால் எடுக்கச் சொல்லுங்கள். பூனைத் தோல் மெல்லியது. கத்தரிக்கோல் எளிதில் கிழித்துவிடும்.

மலம் கெட்டியாகி ஒரு வாரம் நன்றாகப் போனபிறகு உணவை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். தண்ணீர்ச் சத்தும் புரதமும் கூட வேண்டும் என்ற உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. அதற்கு நல்ல வெட் ஃபுட் போதும். உறையில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றும், வளர்ந்த பூனைக்கு உரியது என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி நாலு நாள் நில்லுங்கள். சில பூனைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகும், அதில் தவறில்லை. வேகவைத்த கோழித் தொடைக்கறியோ இதயமோ அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் கொடுங்கள். அவன் கறி தின்னும் சந்தோஷமும் குறையாது, சத்துக் கணக்கும் கெடாது. முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால், சமைத்த இறைச்சியோடு கால்சியம், டாரின், வைட்டமின்கள் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதை அப்படியே பின்பற்றுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கடந்த பத்து நாளில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாலையும் தயிர்சாதத்தையும் விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி அட்டை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி இரண்டும் வேண்டும். வீடு திரும்பியதும் வாரம் ஒருமுறை புஜ்ஜியின் எடையைப் பாருங்கள். கால் கிலோ இறங்கினாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் மறுபடி காட்டுங்கள்.