ஆழ்நீர் இழுவைத் தூண்டில்: கோலும் உருளையும் ஈயக்கயிறும் தெரிந்தெடுத்தல்

ஓடும் வள்ளத்தின் பின்னே கயிற்றை விட்டு, அதன் நுனியிற் கட்டிய பொய்யிரை உயிருள்ள சிறுமீன்போல் ஓடுமாறு இழுத்துப் பெருமீனைப் பிடிக்கும் முறை இழுவைத் தூண்டில் எனப்படும். பொய்யிரையை நீர்மட்டத்துக்கு அண்மையில் விடாது, பாரம் சேர்த்துப் பத்து அல்லது இருபது மீற்றர் ஆழத்தில் இழுப்பது ஆழ்நீர் இழுவையாகும். விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஊர்களில் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் கமக்காரர் சிலர், போகங்களுக்கு இடைப்பட்ட நாட்களில் மீன்பிடித்து வீட்டுத் தேவையை நிறைவுசெய்ய விரும்பி, இதற்கு எக்கருவி ஏற்றது என வினவுகின்றனர். கோல், உருளை, ஈயக்கயிறு ஆகிய மூன்றையும் நல்லனவாக வாங்கப் புகுந்தால், விதைக்கும் பசளைக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு பெரும்பங்கு அதிலேயே முடிந்துவிடும். ஆகையால் வாங்குவதற்கு முன்னர் அறிய வேண்டியவற்றை இங்கு கூறுகின்றோம்.

மீன் நிற்கும் ஆழம்

கருவியின் விலையைக் கேட்குமுன் மீன் எந்த ஆழத்தில் நின்று இரை தேடுகின்றது என்பதைக் கேட்டல் வேண்டும். ஈயக்கயிற்று முறை பெரிதும் கையாளப்படுவது வட அமெரிக்காவின் குளிர்ந்த பெருவாவிகளிலாகும். அங்கே கோடையில் மேல்நீர் சூடேறியதும், குளிர்ச்சியை நாடும் ட்றவுட் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அடியிலுள்ள குளிர்நீரிலும் மீன் வாழ்வதற்குப் போதிய பிராணவாயு இருக்கும். எனவே அங்குப் பாரக்கயிறு இன்றியமையாததாயிற்று.

நம் நாட்டு நீர்த்தேக்கங்களின் இயல்பு வேறு. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர் ஆகும். அதனை அண்டிய நீர் மிக ஆழமானது என்பது உண்மையே. ஆயினும் ஆழம் உள்ள இடமெல்லாம் மீன் உள்ள இடமென்று கொள்ளலாகாது. வெப்ப நாடுகளில், ஆழ்ந்த நீர்த்தேக்கத்தின் மேல்நீர் சூடாகி இலேசாக இருப்பதால் அடிநீருடன் எளிதிற் கலப்பதில்லை. அடியிற் படியும் இலைகுழைகள் அழுகும்போது அங்குள்ள பிராணவாயு செலவாகிவிடும். மேலிருந்து வேறு பிராணவாயு சென்று அக்குறையை நிரப்புவதும் இல்லை. நீர் கட்டி நின்ற வயலிற் சேற்றைக் கிளறும்போது எழும் நாற்றத்தை அறியாத கமக்காரர் இலர். அது பிராணவாயு அற்ற சேற்றின் நாற்றமே. அத்தகைய நீரில் மீன் தங்கி வாழ மாட்டாது.

மீனின் உணவும் கவனித்தற்குரியது. யப்பான் மீன் என நம்மவர் வழங்கும் திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இந்நாட்டிற் புகுத்தப்பட்டது. நம் நீர்த்தேக்கங்களின் மீன் விளைவில் இன்றும் அவ்வினமே முதன்மை பெறுகின்றது. அது பாசியையும், அடியிற் படிந்த அழுகற் பொருள்களையும் உண்டு வளர்வது. ஓடும் பொய்யிரையைத் துரத்திக் கடிக்கும் இயல்பு அதற்கு மிகக் குறைவு. கட்லா, ரோகு முதலிய கெண்டை வகைகளும் துரத்தி வேட்டையாடுவன அல்ல. விரால் வேட்டை மீன் என்பது மெய்தான். ஆனால் அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வேண்டிய மீனாகையால், பூண்டு படர்ந்த ஆழமற்ற ஓரங்களையே விரும்பி நிற்கும். இருபது மீற்றர் ஆழத்தில் பொய்யிரையை இழுத்து அதனைத் தேடுவது, மேட்டு நிலத்தில் விதைத்த பயிரைப் பள்ளத்திற் சென்று அறுக்க முயல்வதை ஒக்கும்.

இவற்றோடு இன்னொரு தடையும் உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் அமிழ்ந்தது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலங்களில் அதன் கட்டட எச்சங்கள் வெளித் தோன்றுவதைக் கண்டிப் பகுதி மக்கள் பலர் பார்த்திருப்பர். சுவரும் மரக்கட்டையும் கிடக்கும் அடியில் பாரக்கயிற்றை இழுத்தால், பொய்யிரையும் கயிறும் சிக்கி அறுந்து போகும். ஓடும் சிறு வள்ளத்தில் கயிறு திடீரெனச் சிக்கிக்கொள்ளின் வள்ளம் சாய்வதற்கும் இடமுண்டு.

ஆகவே மலைநாட்டு நீர்த்தேக்கத்திற்கென ஈயக்கயிறும் அதற்குரிய பெரிய உருளையும் வாங்குதல் வீண்செலவு என்பதே எமது கருத்து. விற்போர் இதனைச் சொல்லமாட்டார்கள். விற்பது அவர்கள் தொழில். கரையில் இருந்து பிடிப்பதற்கு முற்றிக் காய்ந்த மூங்கிற் கோலும், மெல்லிய தங்கூசியும், மிதப்பும், சிறு தூண்டில் முள்ளும், மண்புழு அல்லது மாவுருண்டையும் போதும். இதற்கும் முன்பே அனுமதி பற்றி விசாரித்துக்கொள்க. உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்துக்கு உட்பட்டது. விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலம் 1987ஆம் ஆண்டு முதல் சரணாலயமாகவும் உள்ளது.

ஆழ்நீர் இழுவை பயன்தரும் இடம்

கண்டியைச் சுற்றி ஓடும் அதே மகாவலி கங்கை திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அங்கே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குக் கரைக்கு மிக அண்மையிலேயே அமைந்துள்ளது. அதனால் நெடுந்தூரம் செல்லாமலே ஆழ்கடலை அடையலாம். அறுக்குளா, சூரை, பாரை, சீலா முதலியன சிறுமீன் கூட்டங்களைத் துரத்தி உண்பன. ஓடும் பொய்யிரையைக் கண்டதும் பாய்ந்து கடிப்பன. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை, அக்கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திருகோணமலை, மூதூர்ப் பக்கங்களிற் கடற்றொழில் செய்யும் உறவினரோடு பங்கு சேர்ந்து கருவி வாங்க எண்ணுவோர்க்குப் பின்வருவன உதவும்.

கயிறு

முதலிற் கயிற்றைத் தீர்மானித்துப் பின்னரே உருளையையும் கோலையும் தெரிதல் வேண்டும். பலர் கோலை முதலில் வாங்கிவிட்டு அதற்குக் கயிறு தேடுகின்றனர். வண்டிலை வாங்கியபின் மாடு தேடுவது போன்றது அது.

ஈயக்கயிறு என்பது மெல்லிய ஈயக்கம்பியை உள்ளே வைத்து மேலே நைலோன் இழைகளாற் பின்னியதாகும். பத்து யாருக்கு, அதாவது ஏறக்குறைய 9 மீற்றருக்கு, ஒரு முறை நிறம் மாறும்படி அதனைச் சாயமிட்டிருப்பர். எத்தனை நிறம் நீருள் சென்றது என்று எண்ணினால் விட்ட நீளம் தெரிந்துவிடும். மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில், மணிக்கு 3 கிலோமீற்றர் அளவில் வள்ளம் ஓடும்போது, ஒரு நிறம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் தாழும். பத்து நிறம் விட்டால் 15 மீற்றர் எனக் கொள்ளலாம். வேகம் கூடினால் கயிறு மேலெழும். வேகமாய் ஓடும் கடல்மீனுக்கு வள்ளத்தையும் வேகமாக ஓட்ட வேண்டியிருப்பதால், ஈயக்கயிறு அங்கு எதிர்பார்த்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. அப்போது மெல்லிய பின்னற் கயிற்றோடு கனத்த ஈயக்குண்டு கட்டுவதே மேலானது. கயிறு மெல்லியதாயின் நீர் அதனைத் தடுத்து மேலே தூக்கும் வலிமையும் குறையும். ஆதலால் ஒரே வலிமையுள்ள இரு கயிறுகளில் மெல்லியதையே தெரிக.

குண்டு கட்டிய கயிற்றின் ஆழத்தை அறிய எளிய வழியொன்றுண்டு. கயிறு நீர்மட்டத்தோடு 30 பாகைக் கோணத்திற் சரிந்து சென்றால், வெளியே விட்ட நீளத்தின் அரைப்பங்கு ஏறக்குறைய ஆழமாகும். 40 மீற்றர் விட்டிருப்பின் ஆழம் 20 மீற்றர். நிறமில்லாத கயிற்றில் பத்து மீற்றருக்கு ஒரு முறை வண்ணநூல் கட்டி அடையாளமிட்டுக் கொள்க.

கயிற்றின் நுனிக்கும் பொய்யிரைக்கும் இடையில், முறுக்கு ஏறாதிருக்கச் சுழலி ஒன்று பூட்டுதல் வேண்டும். அறுக்குளாவுக்கும் சீலாவுக்கும் பல் கூர்மையானது. நைலோன் நுனியை அவை கடித்து அறுத்துவிடுமாதலால், இரை கட்டும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கேனும் உருக்குக் கம்பி சேர்க்க. ஈயக்கயிற்றை மடியவிடக் கூடாது. உள்ளிருக்கும் ஈயம் மடிந்த இடத்தில் ஒடிந்து போகும். வெளியே பார்ப்பதற்குக் கயிறு முழுமையாகவே தோன்றும்.

உருளை

றீல் எனப்படும் உருளை இருவகை. கயிறு நிலையான உருளையின் முனைவழியே சுருள்சுருளாக நழுவிச் செல்வது ஒன்று. உருளை கிணற்றுக் கப்பிபோற் கிடையாகச் சுழன்று கயிற்றை விடுவது மற்றொன்று. முதல்வகை கரையிலிருந்து வீசுவதற்கு நன்று. ஆனால் அது கயிற்றில் முறுக்கேற்றும், ஈயக்கயிற்றுக்கு ஒவ்வாது. இழுவைக்குக் கிடையாகச் சுழலும் உருளையையே வாங்குக. ஈயக்கயிறு தடிப்பானதாகையால், நூறு யார் சுற்றியபின்னும் அடியில் வேறு கயிறு சுற்ற இடமுள்ள அகன்ற உருளை வேண்டும். கைபிடியை ஒரு முறை சுற்ற உருளை மூன்று அல்லது நான்கு முறை சுழல்வது போதும். ஆறு முறை சுழல்வது விரைவாகச் சுற்றுமேயன்றிப் பாரத்தை இழுக்கக் கைக்கு நோவு தரும்.

உருளையிற் கூர்ந்து பார்க்க வேண்டியது அதன் தடுப்பாகும். மீன் பாயும்போது கயிறு அறாமல் விட்டுக்கொடுத்து வழங்குவது அதுவே. தடுப்பு விட்டுவிட்டு உதறாமல் ஒரே சீராக வழுக வேண்டும். அதனை அளவாக இறுக்குவதற்கு, மரக்கறி நிறுக்கும் வில்தராசே தக்க கருவி. கயிற்று நுனியைத் தராசின் கொளுக்கியிற் கட்டி இழுத்துப் பார்க்க. 20 இறாத்தல் தாங்கும் கயிறாயின், தராசு 5 அல்லது 6 இறாத்தல் காட்டும்போது உருளை வழுகத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்குவோர் பெருமீன் வந்த நாளிலேயே கயிற்றை இழப்பர்.

கோல்

இழுவைக்கு 2 முதல் இரண்டரை மீற்றர் வரை நீளமுள்ள கண்ணாடிநார்க் கோல் பொருத்தமானது. அது மெல்ல வளைந்து அதிர்ச்சியைத் தாங்கும். நீட்சியில்லாத பின்னற் கயிற்றுக்கு அவ்வளைவு அவசியம். காபன் கோல் இலேசானதும் விலை கூடியதுமாகும். அது மின்சாரத்தைக் கடத்துமாதலால், இடிமின்னல் வேளையில் அதனை உயர்த்திப் பிடிப்பதும், மின்கம்பிகளின் கீழ் தூக்கிச் செல்வதும் உயிருக்கு ஆபத்து. கோலின் வளையங்களுள் சிறு பஞ்சுத் துண்டை நுழைத்து இழுத்துப் பார்க்க. பஞ்சு பிசிறி ஒட்டுமாயின் அவ்வளையத்தில் வெடிப்புண்டு. கயிற்றை அது தேய்த்துவிடும். இச்சோதனையைக் கடையிலேயே செய்தல் நன்று.

ஈயத்தைக் கையாளும் முறை

ஈயம் நஞ்சுள்ளது. ஈயக்குண்டைப் பல்லாற் கடித்து இறுக்கும் வழக்கத்தை விட்டுவிடுக. அதற்குக் குறடு இருக்கின்றது. பழைய மின்கல அடுக்குகளை உடைத்து ஈயம் உருக்குவது பெருங்கேடு. எந்த ஈயத்தையும் சமையலறையிலோ, சமைக்கும் பாத்திரத்திலோ, குழந்தைகள் நடமாடும் முற்றத்திலோ உருக்கலாகாது. குண்டைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவியே உணவு கொள்க.

கடலிற் பாவித்த உருளையை அன்றன்றே நன்னீரில் மெதுவாகக் கழுவி நிழலில் உலர்த்துக. நைலோன் கயிற்றை வெயிலில் தொங்கவிட்டால் வலிமை குன்றும். நெற்கூடம் போன்ற இருண்ட உலர்ந்த இடமே அதற்கு ஏற்றது. அறுந்த தங்கூசித் துண்டுகளை வரப்பில் எறிய வேண்டாம். அவை பறவைகளின் காலிற் சிக்குவதுமன்றி, இருசில்லு உழவு இயந்திரத்தின் அச்சிற் சுற்றி எண்ணெய் காக்கும் றப்பர் வளையத்தையும் அறுத்துவிடும்.