நிலத்தில் எரியெண்ணெய் கலந்துளதா எனச் சோதிக்கும் முறை

பயிருக்கு எரு எவ்வளவு வேண்டுமென அறிதற்பொருட்டு மண்ணைச் சோதிப்பித்தல் கமக்காரர் பலரும் பழகிய காரியமாகும். தோட்டத்தின் பல இடங்களில் மேல்மண்ணை எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நிழலில் உலர்த்தி, பையிற் கட்டி அனுப்புவது அதன் முறை. எண்ணெய்த் தாங்கிகள், மின்னிலையங்கள், ஆலைகள், வாகனத் திருத்தகங்கள் ஆகியவற்றின் அயலிலுள்ள நிலத்தில் எரியெண்ணெய் கலந்துளதா என அறிவதற்கு இம்முறை உதவாது. உள்ள எண்ணெயை இல்லையென்றே அது காட்டிவிடவுங் கூடும். ஏனெனில், உலர்த்தும்பொழுது எண்ணெயின் இலேசான பாகங்கள் ஆவியாய்ப் போய்விடும்; கலக்கும்பொழுது கெட்ட மண்ணின் குற்றம் நல்ல மண்ணால் மறைக்கப்படும்.

சுன்னாகத்தின் படிப்பினை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணூடு இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலே தங்க, அந்நீரே கிணறுகளில் ஊறுகின்றது. மழையை விரைந்து உட்கொள்ளும் நிலம் எண்ணெயையும் விரைந்து உட்கொள்ளும். சுன்னாகம் மின்னிலையத்தின் அயற்கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், அங்கு மின்சாரம் உற்பத்திசெய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென, 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னர் வெளிவந்த பரிசோதனை முடிவுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தமையால், எதனை நம்புவதெனத் தெளியாது ஊரவர் இடர்ப்பட்டனர். ஆகவே மண்ணிலேயே எண்ணெயைக் கண்டுபிடிப்பதும், மறுக்கவொண்ணாத முறையிற் கண்டுபிடிப்பதும் அவசியமாகின்றன.

மாதிரி எடுத்தல்

1. தாங்கியின் அடி, குழாய்ப் பொருத்து, கழிவு வாய்க்காலின் முகம், வெள்ளம் வந்து தேங்கும் பள்ளம் என்னும் இடங்களிலே தனித்தனி மாதிரி எடுத்தல் வேண்டும். ஒன்றோடொன்றைக் கலத்தலாகாது.

2. எண்ணெய் சேர இடமில்லாத, அதே வகையான மண்ணுள்ள தோட்டமொன்றிலிருந்தும் ஒப்புநோக்குதற்கு ஒரு மாதிரி வேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் நிற்குமிடம் இதற்கு ஆகாது. அங்கும் மண்ணெண்ணெய் சிந்தியிருத்தல் கூடும். நல்ல நிலத்து மாதிரியை முதலிலும், கெட்டதென ஐயுறும் நிலத்தினதைப் பின்னரும் எடுத்தல் முறை.

3. மேல்மண் மாத்திரம் போதாது. வெயிலாலும் காற்றாலும் மேலுள்ள எண்ணெய் குறைந்திருக்க, கீழே மிகுந்திருக்கலாம். ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் ஒவ்வொன்றாகப் பாறை தட்டும்வரை எடுப்பது நன்று.

4. மண்வெட்டி, அலவாங்கு முதலியவற்றை ஒவ்வொரு மாதிரிக்கும் முன் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்தல் வேண்டும். அவற்றில் எண்ணெய் பூசியிருத்தலாகாது.

5. மண்ணைப் பிளாஸ்டிக் பையில் இடாது, வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் வெற்றிடமின்றி நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தாமதியாது ஆய்வுகூடத்திற் சேர்ப்பித்தல் வேண்டும்.

6. இடம், ஆழம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் என்பவற்றைப் போத்தலில் ஒட்டுவதோடு ஏட்டிலும் பதிதல் வேண்டும். கிராம அலுவலர் முன்னிலையில் எடுத்து அவரது கையொப்பமும் பெற்றுவைத்தால், பிற்காலத்தில் வழக்கு நேரின் அது துணையாகும்.

தோட்டத்திலேயே செய்யத்தக்க சோதனை

தெளிந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி மண்ணையும் சுத்தமான நீரையும் இட்டு, மூடிக் குலுக்கிச் சற்றுநேரம் வைத்துப் பார்க்கலாம். நீரின்மேல் வானவில் நிறமான ஆடை படர்ந்தால் எண்ணெயென ஐயுறலாம். அதனை ஒரு குச்சியாற் கலைக்க, மீளவும் ஒன்றுகூடினால் எண்ணெயாகும்; துண்டுதுண்டாய் உடைந்து நின்றால் இரும்புச்சத்திற் பிழைக்கும் நுண்ணுயிர்களின் படலமாயிருத்தல் கூடும். ஆடை காணாமை மாத்திரம் நிலம் சுத்தமென்பதற்குச் சான்றாகாது. மண்ணை மூக்கிற்கு அணுக வைத்து முகர்ந்து பார்த்தல் தவிர்க்கத்தக்கது. அவ்வாவி உடலுக்குத் தீங்கானது.

ஆய்வுகூடத்திற் கேட்கவேண்டியது

‘எண்ணெயும் கொழுப்பும்’ என்னும் பரிசோதனை இலைமெழுகு, சமையலெண்ணெய் முதலியவற்றையும் சேர்த்துக் காட்டும். எனவே ‘பெற்றோலிய ஐதரோகாபன்’ அளவு எவ்வளவென்றும், ஒரு கிலோகிராம் உலர்மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் எழுத்திற் கேட்டல் வேண்டும். ஒப்புநோக்கு மாதிரியின் அளவோடு இதனை வைத்துப் பார்க்கும்போதே உண்மை விளங்கும்.

எண்ணெய் கண்டால்

எண்ணெய் கலந்த மண்ணில் நீர் பரவி ஊறாது. வேருக்குக் காற்றும் எட்டாது. எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் எடுத்துக்கொள்வதாற் பயிர் மஞ்சளிக்கும். காரணம் அறியாது யூரியாவைக் கூட்டுவதாற் செலவேயன்றிக் குறை தீராது. அத்தகைய மண்ணை வெட்டி வேறிடத்திற் கொட்டுதலும், எரித்தலும், கிணற்றருகே குவித்தலும் கூடா. மாரிக்கு முன்னரே வரம்பு கட்டி வெள்ளம் அதன்மேற் பாயாது தடுத்து, கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவித்தல் வேண்டும். அயலிலுள்ள கிணற்று நீரையும் உடனே சோதிப்பித்து, முடிவு வரும்வரை அந்நீரைக் குடியாதிருத்தலே தக்கது. மண்ணோடு நிற்கும் எண்ணெயை அகற்ற வழியுண்டு. சுண்ணக்கல் வெடிப்புக்களிற் புகுந்தபின் அதனை மீட்டெடுத்தல் மிக அரிது.