ஒளியின் டாப்ளர் விளைவு

புகைவண்டி நிலையத்தில் நிற்போர், நில்லாது விரையும் எஞ்சினின் ஊதல் நெருங்கும்போது ஓங்கிய சுருதியிலும், கடந்து அகலும்போது தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதைக் கேட்டிருப்பர். இதுவே டாப்ளர் விளைவு. 1842-ஆம் ஆண்டில் பிராகு நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இதனை எடுத்துரைத்தபோது அவர் கருத்தில் இருந்தது ஒலியன்று; இரட்டை விண்மீன்களின் நிறமே. அந்நிறங்களுக்கு அவர் கூறிய காரணம் பிழையாயிற்று. விளைவு மட்டும் நிலைத்தது. 1845-ல் ஹாலந்து நாட்டில் பைஸ் பாலட் என்பார் எக்காளம் ஊதுவோரைப் புகைவண்டியில் ஏற்றி, ஒலிக்கு அது பொருந்துவதைச் சோதித்துக் காட்டினார்.

ஒலிக்கு ஊடகம் காற்று. ஆகவே ஊதுபவர் காற்றினூடே நகர்கிறாரா, கேட்பவர் நகர்கிறாரா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஒளிக்கும் ஈதர் என்னும் ஊடகம் உண்டெனக் கருதிய காலத்தில், அதே வேறுபாடு ஒளியிலும் இருக்கவேண்டும் என்று பௌதிக அறிஞர் எண்ணியதில் வியப்பில்லை. 1905-ல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கையோ, ஒன்றையொன்று நோக்கிய இயக்கம் மட்டுமே பொருளுடையது என்றது. இவ்விரு கருத்துகளும் எங்கே பிரிகின்றன என்பதை ஓர் எளிய கணக்கால் காண்போம்.

தன் கடிகாரப்படி 4 விநாடிக்கு ஒருமுறை மின்னும் விளக்கு ஒன்று, ஒளியின் வேகத்தில் 3/5 பங்கு வேகத்துடன் நம்மை விட்டு அகல்கிறது எனக் கொள்வோம். ஈதரில் நாம் அசையாதிருக்கிறோம் என்றால், இரு மின்னல்களுக்கிடையே விளக்கு 2.4 ஒளி-விநாடித் தொலைவு பின்செல்லும். அடுத்த மின்னல் அத்தொலைவையும் கடந்து வரவேண்டுமாதலால் நாம் காணும் இடைவெளி 6.4 விநாடி. மாறாக விளக்கு அசையாதிருந்து நாம் அதே வேகத்தில் விலகினால், மின்னல் நம்மைத் துரத்திப் பிடிக்க வேண்டும். இடைவெளி 10 விநாடியாகும். ஒரே சார்பு வேகத்துக்கு இரு விடைகள்! அங்ஙனமாயின், விளக்கின் மின்னலைக் கொண்டே யார் உண்மையில் ஓடுகிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

சார்புக் கொள்கை இங்கு ஒரு திருத்தத்தைப் புகுத்துகிறது. ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும். இவ்வேகத்தில் அதன் 4 விநாடி நமக்கு 5 விநாடி. அந்த 5 விநாடியில் விளக்கு 3 ஒளி-விநாடி விலகும். ஆகவே இடைவெளி 5+3, அதாவது 8 விநாடி. இனி நாமே விலகுவதாகக் கொண்டு பாருங்கள். விளக்கின் கணக்கில் இடைவெளி 10 விநாடிதான்; ஆனால் ஓடுவது இப்பொழுது நம் கடிகாரமாதலால், அது 10-இல் 4/5 பங்கையே, அதாவது 8 விநாடியையே காட்டும். இரு வழியிலும் விடை ஒன்றே. 6.4-ஐயும் 10-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பினும் 8 கிடைப்பதை வாசகர் தாமே சரிபார்க்கலாம். விளக்கு நெருங்கி வந்தாலோ இடைவெளி 5−3, அதாவது 2 விநாடி.

நெருங்கலும் அகலலும் இன்றி, விளக்கு நம் பார்வைக்குச் செங்குத்தாகக் கடக்கும் கணத்தில் வெளிப்படும் ஒளியில் என்ன காண்போம்? பழைய பௌதிகம் மாற்றமே இல்லை என்னும். சார்புக் கொள்கை 4-க்குப் பதில் 5 என்னும். ஒளி செந்நிறப் பக்கம் சாயும். இக்குறுக்கு விளைவு கடிகாரத் தாமதத்தின் தனிச் சான்றாகும். ஆகவே கொள்கை நிற்பதும் வீழ்வதும் இங்கேதான்.

ஓடும் அணுக்களையே கடிகாரங்களாகக் கொண்டு இதனைச் சோதிக்கலாம் என்று 1907-ல் ஐன்ஸ்டீன் கூறினார். ஆயினும் நேரே செங்குத்தாக நோக்குவது அவ்வளவு எளிதன்று. ஒளியின் வேகத்தில் 1/200 பங்கு வேகமுள்ள அணுவில் குறுக்கு விளைவு 80,000-இல் ஒரு பங்கே. நோக்கும் கோணம் 1/7 பாகை பிறழ்ந்தாலும், சாதாரண டாப்ளர் விளைவு அதே அளவுக்கு நுழைந்து முடிவைக் கெடுத்துவிடும்.

அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஐவ்ஸ், ஸ்டில்வெல் என்னும் இருவர் 1938-ல் இவ்விடரைத் தவிர்க்க அழகியதோர் உபாயம் கண்டனர். ஹைட்ரஜனின் நேர்மின் கதிர்களைச் செங்குத்தாக நோக்காமல், கதிரின் போக்கிலேயே நோக்கினர். குழாயினுள் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, பின்னோக்கிச் செல்லும் ஒளியையும் அதே தகட்டில் பதித்தனர். ஹைட்ரஜனின் 4,861 ஆங்ஸ்ட்ராம் நிறமாலைக் கோடு, மேற்கூறிய வேகத்தில் இருபுறமும் ஏறத்தாழ 24 ஆங்ஸ்ட்ராம் விலகும். பழைய கணக்குப்படி இரண்டின் நடுப்புள்ளி அசையா அணுக்களின் கோட்டின்மேலேயே விழவேண்டும். சார்புக் கொள்கைப்படி அது 0.06 ஆங்ஸ்ட்ராம் செந்நிறப் பக்கம் தள்ளியிருக்கவேண்டும். (நம் கணக்கிலும் 8, 2 ஆகியவற்றின் சராசரி 4 அன்று, 5 என்பதைக் காண்க.) தகட்டில் கண்டது பின்னதே.

ஐவ்ஸ் சார்புக் கொள்கையை ஏற்காதவர். தம் முடிவை லாரன்ட்ஸ், லார்மர் ஆகியோரின் ஈதர்க் கொள்கைக்குச் சான்றாகவே கருதினார். தமக்குப் பிடிக்காத கொள்கைக்கு வலுவான தூண் ஒன்றைத் தம் கையாலேயே நட்டவர் அவர். அளவில் சிறிதும் வளைந்து கொடுக்காத அவருடைய நேர்மையை நாம் போற்றவேண்டும். அவர் கையாண்ட முறையே பின்னரும் தொடர்ந்தது. 2014-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்த வேகமுள்ள லிதியம் அயனிகளைக் கொண்டு, நூறு கோடியில் சில பங்கு நுட்பத்துடன் கொள்கை சரிபார்க்கப்பட்டது.

வானிலும் ஒரு சான்று உண்டு. கழுகு விண்மீன் குழுவிலுள்ள எஸ்.எஸ். 433 என்னும் பொருள், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 0.26 பங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் இரு வாயுத் தாரைகளைப் பீய்ச்சுகிறது. சுழலும் பம்பரத்தின் அச்சுப்போல், தாரைகளின் திசை சுமார் 162 நாட்களுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது. இடையே இரண்டும் நம் பார்வைக்குச் செங்குத்தாகும் நாட்களில் அவற்றின் நிறமாலைக் கோடுகள் ஒன்றாய்ச் சேருகின்றன. அப்போது 6,563 ஆங்ஸ்ட்ராமில் இருக்கவேண்டிய ஹைட்ரஜன் கோடு காணப்படுவது 6,800 ஆங்ஸ்ட்ராம் அருகில்.